நாய்க்குப் பூஞ்சை மாத்திரை: அரிப்பு நின்றால் போதுமா?

உங்கள் வீட்டு நாய் ஓயாமல் பாதத்தை நக்குகிறதா? காதைச் சொறிந்துவிட்டுத் தலையை உதறுகிறதா? குளிப்பாட்டி இரண்டு நாள் ஆவதற்குள் பழைய எண்ணெய் போன்ற வாடை மறுபடி வந்துவிடுகிறதா? அல்லது முகத்திலோ முன்னங்காலிலோ வட்டமாக முடி கொட்டி, அந்த இடம் செதில் செதிலாக உரிகிறதா? சிங்கப்பூரில் நாய் வளர்ப்பவர்களுக்கு இவை பழகிய தொல்லைகள். இவற்றுக்குக் காரணம் பூஞ்சையாக இருக்கலாம். வேறு ஏதாவதாகவும் இருக்கலாம்.

பூஞ்சைதான் என்று உறுதியான பிறகு, “வெளியே போடும் மருந்து மட்டும் போதாது, சில வாரங்களுக்கு மாத்திரையும் கொடுக்க வேண்டும்” என்று கால்நடை மருத்துவர் சொல்வது உண்டு. அப்போது வீட்டில் இரண்டு விதமான பேச்சு எழும். ஒன்று பயம்: “அந்த மாத்திரை கல்லீரலைக் கெடுத்துவிடுமாமே!” இன்னொன்று அலட்சியம்: “பத்து நாள் கொடுத்தோம், அரிப்பு நின்றுவிட்டது, நிறுத்திவிட்டோம்.” இரண்டுமே நாய்க்கு நல்லதல்ல. மாத்திரை உடலுக்குள் போய் என்ன செய்கிறது என்பது தெரிந்தால், பயத்துக்கும் அலட்சியத்துக்கும் சேர்த்தே விடை கிடைத்துவிடும்.

ஈரக் காற்றும் அடுக்குமாடி நாயும்

லிட்டில் இந்தியா வட்டாரத்தின் பழைய பெயர்களில் ஒன்று கண்டாங் கெர்பாவ். மலாயில் எருமைக் கொட்டில் என்று பொருள். 19ஆம் நூற்றாண்டில் சிராங்கூன் சாலையை ஒட்டி மாட்டு வணிகம் நடந்தது. பஃபலோ ரோடு, கெர்பாவ் ரோடு என்ற தெருப்பெயர்கள் அதன் மிச்சம். இன்று அதே தெருக்களில் நாம் பார்க்கும் வளர்ப்பு விலங்கு, கழுத்துப்பட்டையுடன் நடைக்கு வரும் சின்ன நாய். இடம் அதேதான், காற்றின் ஈரமும் அதேதான்.

சிங்கப்பூரின் ஈரப்பதம் விடியலுக்கு முன் 90 விழுக்காட்டைத் தாண்டும். மழையில்லாத பிற்பகலில்தான் 60 விழுக்காடு அளவுக்கு இறங்கும். ஆண்டுச் சராசரி 80 விழுக்காட்டுக்கு மேல். வெப்பநிலையும் ஆண்டு முழுவதும் பெரிதாக மாறுவதில்லை. குளிர்நாடுகளில் பூஞ்சைக்குச் சற்று ஓய்வு தரும் பருவங்கள் உண்டு. இங்கே அப்படிப்பட்ட பருவம் கிடையாது. அடர்ந்த முடிக்கு அடியிலும், விரல் இடுக்கிலும், தொங்கும் காதுக்குள்ளும் ஈரம் தங்கினால் பூஞ்சைக்கு அது விருந்து.

வீவக வீடுகளில் அனுமதிக்கப்பட்ட இனப் பட்டியலில் உள்ள ஒரு நாயை வளர்க்கலாம். அந்தப் பட்டியலில் இருப்பவை பெரும்பாலும் சிறிய நாய்கள். அவற்றுள் ஷிட்சூ, வெஸ்ட் ஹைலேண்ட் வெள்ளை டெரியர் போன்றவை தோலில் ஈஸ்ட் வகைப் பூஞ்சை பெருகும் போக்கு அதிகம் உள்ள இனங்கள். யார்க்‌ஷயர் டெரியருக்குப் படர்தாமரை எளிதில் வரும், வந்தால் லேசில் போகாது. அடுக்குமாடி வாழ்க்கைக்கு ஏற்றவை என்று நாம் தேர்ந்தெடுத்த நாய்களில் சில, பூஞ்சைக்கும் ஏற்றவையாக அமைந்துவிட்டன.

இரண்டு பூஞ்சைகள், இரண்டு குணங்கள்

நாயின் தோலைத் தாக்கும் பூஞ்சைகளில் முக்கியமானவை இரண்டு வகை. மருந்தும் சிகிச்சைக் காலமும் எந்த வகை என்பதைப் பொறுத்தவை. எனவே இரண்டையும் தெரிந்துகொள்வது அவசியம்.

முதலாவது மலசீசியா. இது ஈஸ்ட் வகை. வெளியிலிருந்து தொற்றுவதில்லை, ஆரோக்கியமான நாயின் தோலிலும் காதிலும் சிறிய எண்ணிக்கையில் எப்போதும் இருக்கிறது. தோலில் சுரக்கும் எண்ணெய்ப்பசைதான் அதன் உணவு. மனிதர்களிடம் இதன் உறவினர்கள் செய்யும் வேலை உங்களுக்குத் தெரிந்ததுதான்: முதுகிலும் மார்பிலும் வரும் தேமல், தலையில் வரும் பொடுகு. நாயிடம் வாழும் இனத்தின் பெயர் மலசீசியா பேக்கிடெர்மாட்டிஸ். ‘பேக்கிடெர்ம்’ என்றால் தடித்த தோல் கொண்ட விலங்கு. 1925-ல் வைட்மன் என்ற அறிவியலாளர் இதை முதன்முதலில் விவரித்தது, தோல் உரிந்துகொண்டிருந்த ஓர் இந்தியக் காண்டாமிருகத்தை வைத்து! பிறகுதான் இது நாய்களின் நிரந்தரக் குடியிருப்பாளர் என்பது தெரியவந்தது.

அப்படியானால் இது எப்போது நோயாகிறது? தோலின் காவல் தளரும்போது. தூசிப்பூச்சியாலோ உணவாலோ ஒவ்வாமை உள்ள நாய், தைராய்டு சுரப்பு குறைந்த நாய், தோல் மடிப்பில் ஈரம் தங்கும் நாய் ஆகியவற்றின் தோலில் மலசீசியா கட்டுமீறிப் பெருகும். தோல் சிவக்கும், வாடை அடிக்கும், நக்கிய இடத்து முடி செம்பழுப்பாக மாறும். நாள்பட்டால் தோல் கறுத்து, யானைத் தோல்போலத் தடிக்கும்.

இரண்டாவது வகை டெர்மட்டோபைட்டுகள். நாம் படர்தாமரை என்று சொல்வது இவற்றால் வருவது. தோலின் மேலடுக்கு, முடி, நகம் ஆகியவற்றில் உள்ள கெரட்டின் என்ற புரதத்தைத் தின்று இவை வாழ்கின்றன. நாய்களிடம் அதிகம் காணப்படுவது மைக்ரோஸ்போரம் கேனிஸ். ‘கேனிஸ்’ என்றால் நாய். ஆனால் இதன் உண்மையான புகலிடம் பூனை. அறிகுறியே இல்லாமல் பூனை இதைச் சுமந்து திரியலாம். 2024 செப்டம்பர் முதல் வீவக வீடுகளில் பூனை வளர்க்கவும் அனுமதி உண்டு. நாயும் பூனையும் சேர்ந்து வாழும் வீட்டில் நாய்க்குப் படர்தாமரை வந்தால், பூனையையும் பரிசோதிப்பதுதான் முறை.

மலசீசியா பொதுவாக நாயின் சொந்தப் பிரச்சினை. படர்தாமரை அப்படியல்ல, வீட்டில் உள்ள பிள்ளைகளுக்கும் முதியவர்களுக்கும் அது தொற்றும். ஆரோக்கியமான நாய்க்குச் சில மாதங்களில் தானாகவே குணமாகக்கூடிய நோய்தான் என்றாலும் மருத்துவர்கள் சிகிச்சை தருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். நாயை விரைவாகக் குணப்படுத்தினால், அது வீடு முழுக்கப் பரப்பும் விதைத்தூள்களின் அளவும் குறையும்.

முதலில் சோதனை, பிறகு மாத்திரை

வட்டமாக முடி கொட்டினாலே படர்தாமரை என்று முடிவு கட்டிவிட முடியாது. பாக்டீரியா தொற்று, டெமோடெக்ஸ் என்னும் நுண்பூச்சி, உண்ணிக் கடி, ஒவ்வாமை ஆகிய எல்லாமே ஏறக்குறைய அதே தோற்றத்தைத் தரும். பாக்டீரியா தொற்றுக்குப் பூஞ்சை மாத்திரை கொடுத்தால், நோய் அப்படியே இருக்கும். மருந்தின் சுமை மட்டும் நாயின் உடலில் ஏறும்.

மலசீசியாவுக்கான சோதனை மிக எளிது. ஒட்டும் டேப்பைத் தோலில் அழுத்தி எடுத்து, சாயமேற்றி, நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். நிலக்கடலைபோல நடுவில் ஒடுங்கிய உயிரணுக்கள் கூட்டமாகத் தெரிந்தால் விஷயம் வெளிச்சம். பெரும்பாலும் அதே வருகையிலேயே விடை தெரிந்துவிடும்.

படர்தாமரைக்கு வுட்ஸ் விளக்கு என்ற புறஊதா விளக்கைப் பயன்படுத்துவார்கள். மைக்ரோஸ்போரம் கேனிஸ் தாக்கிய முடித்தண்டு அதன் ஒளியில் பச்சை ஆப்பிள் நிறத்தில் மின்னும். மற்ற படர்தாமரைப் பூஞ்சைகள் அப்படி மின்னுவதில்லை. அதனால் மின்னவில்லை என்பதை வைத்து நோயில்லை என்று சொல்லிவிட முடியாது. முடியையும் செதிலையும் எடுத்துப் பூஞ்சை வளர்ப்புச் சோதனைக்கோ மரபணுச் சோதனைக்கோ அனுப்புவார்கள். வளர்ப்புச் சோதனைக்கு இரண்டு மூன்று வாரம்கூட ஆகலாம். காத்திருப்பது எரிச்சலாக இருக்கும். ஆனால் சிகிச்சையை எப்போது முடிப்பது என்று தீர்மானிக்கவும் இதே சோதனைதான் பின்னால் உதவப்போகிறது.

கினிப்பன்றியிலிருந்து தொடங்கிய கதை

படர்தாமரைக்கு 1950களின் பிற்பகுதிவரை நம்பகமான மாத்திரை எதுவும் இருக்கவில்லை. களிம்புகளும் அயோடினும்தான். பள்ளிப்பிள்ளைகளுக்குத் தலையில் படர்தாமரை வந்தால், எக்ஸ்ரே கதிர் பாய்ச்சி முடியை உதிர்த்த காலம் அது.

1939-ல் லண்டனில் ஆக்ஸ்ஃபர்ட், ரெய்ஸ்ட்ரிக், சிமோனார் ஆகிய மூன்று ஆய்வாளர்கள் ஒரு பெனிசிலியம் பூஞ்சையிலிருந்து கிரிசியோஃபுல்வின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள். அது பாக்டீரியாவைக் கொல்லவில்லை. அதனால் அதிக கவனம் பெறாமலே கிடந்தது. சில ஆண்டுகள் கழித்து, வேறு ஆய்வாளர்கள் அது மற்றப் பூஞ்சைகளின் இழைகளைச் சுருள வைப்பதைக் கண்டார்கள். 1958-ல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவைச் சேர்ந்த ஜென்டில்ஸ், படர்தாமரை பிடித்த கினிப்பன்றிகளுக்கு அதை வாய்வழியாகக் கொடுத்தார். அவை குணமாயின. மாடுகளிலும் அதே காலத்தில் சோதனைகள் நடந்தன. அடுத்து மனிதர்களுக்கும் அது மருந்தானது. விலங்கிடம் முதலில் வேலை செய்து, பிறகு மனிதரிடம் வந்த மருந்து இது.

களிம்பு செய்யாத எதை அந்த மாத்திரை செய்தது? முடி வளரும் வேரடியில், தோல் உருவாகும் கீழடுக்கில், புதிய உயிரணுக்கள் பிறந்துகொண்டே இருக்கின்றன. இரத்தத்தில் வரும் மருந்து, கெரட்டின் உருவாகும் அந்த இடத்திலேயே அதனுடன் கலந்துவிடுகிறது. அதன் பின் வளரும் முடியும் தோலும் மருந்து ஏறியவையாக வெளியே வருகின்றன. பூஞ்சையால் அவற்றைத் தின்ன முடியாது. ஏற்கெனவே தொற்றிய பழைய முடி உதிர்ந்து, பழைய தோல் உரிந்து போகும்வரை பூஞ்சை அதில் தங்கியிருக்கும்.

மாத்திரை மெதுவாக வேலை செய்வதன் ரகசியம் இதுதான். மருந்து பலவீனமானது என்பதால் தாமதமாவதில்லை. நாயின் தோலும் முடியும் வளரும் வேகத்தில்தான் அது வேலை செய்ய முடியும். நாயின் மேல்தோல் முழுவதுமாகப் புதுப்பிக்கப்பட ஏறக்குறைய மூன்று வாரம் பிடிக்கும். முடிக்கு அதைவிட நாளாகும். நகத்துக்குப் பல மாதம். பத்தாம் நாளில் அரிப்பு நிற்பது, வீக்கம் தணிந்ததற்கு அடையாளம். பூஞ்சை ஒழிந்ததற்கு அது சான்றாகாது.

பூஞ்சை நமக்குத் தூரத்து உறவு

பாக்டீரியாவுக்கு எதிரான மருந்துகள் எத்தனையோ இருக்க, பூஞ்சைக்கு மட்டும் ஏன் விரல்விட்டு எண்ணும் அளவில் இருக்கின்றன? உயிரினங்களின் குடும்ப மரத்தில் பூஞ்சைகள் தாவரங்களைவிட விலங்குகளுக்கு நெருக்கமானவை. அவற்றின் உயிரணுவும் நாயின் உயிரணுவும் உள்ளமைப்பில் ஒத்தவை. பூஞ்சையை அடிக்கும் கல் நாயையும் அடித்துவிடக்கூடாது. வேறுபாடு உள்ள இடத்தைத் தேடிப்பிடித்து அடிக்க வேண்டும்.

அப்படிக் கிடைத்த இடம் எர்கோஸ்டீரால். நம் உயிரணுச் சவ்வில் கொழுப்புப்பொருளான கொலஸ்ட்ரால் செய்யும் வேலையைப் பூஞ்சையின் சவ்வில் எர்கோஸ்டீரால் செய்கிறது. அதன் தயாரிப்பைத் தடுத்தால் பூஞ்சையின் சவ்வு ஒழுகத் தொடங்கும். இன்று நாய்களுக்குத் தரப்படும் முக்கியமான மாத்திரைகள் இந்த வழியில் வேலை செய்பவை.

கீட்டோகோனசோல்: 1980களின் தொடக்கத்தில் வந்தது. மலசீசியாவுக்கு நன்கு வேலை செய்யும். ஆனால் வாந்தி, பசியின்மை, கல்லீரல் பாதிப்பு ஆகியவை மற்றவற்றைவிட அதிகம். நாயின் உடலில் கார்ட்டிசோல் சுரப்பையும் இது குறைக்கும். மனிதர்களுக்குப் பூஞ்சை நோய்களுக்காக இதை வாய்வழியாகத் தருவதை நிறுத்திவைக்குமாறு ஐரோப்பிய மருந்து அமைப்பு 2013-ல் பரிந்துரைத்தது. அமெரிக்காவும் அதே ஆண்டு கட்டுப்பாடு விதித்தது. காரணம் கல்லீரல். கால்நடை மருத்துவத்தில் கவனத்துடன் இன்னும் பயன்படுகிறது.

இட்ராகோனசோல்: கெரட்டினில் ஒட்டிக்கொண்டு, மருந்தை நிறுத்திய பிறகும் பல நாள் அங்கேயே தங்கும். அதனால் தினமும் கொடுக்காமல் இடைவெளி விட்டுக் கொடுக்கும் முறைகளும் உண்டு. மலசீசியாவுக்கு வாரத்தில் தொடர்ந்து இரண்டு நாள் மட்டும் கொடுப்பது அப்படிப்பட்ட ஒன்று.

டெர்பினாஃபின்: எர்கோஸ்டீரால் தயாரிப்பில் இன்னும் முன்னதான ஒரு படியைத் தடுக்கிறது. படர்தாமரைக்கு நல்ல மருந்து. மற்ற மருந்துகளுடன் மோதுவதும் குறைவு.

ஃபுளூக்கோனசோல்: நீரில் கரையும், மூளை, கண் போன்ற இடங்களையும் எட்டும். உள்ளுறுப்புப் பூஞ்சை நோய்களில் இதன் பயன் பெரிது. படர்தாமரையிடம் அவ்வளவு வலுவில்லை.

கிரிசியோஃபுல்வின் வேறு வழியில், பூஞ்சையின் உயிரணுப் பிரிவைத் தடுத்து வேலை செய்கிறது. கருவில் உள்ள குட்டிகளுக்குக் கேடு தரும் என்பதாலும் பக்கவிளைவுகளாலும் இப்போது பின்வரிசைக்குப் போய்விட்டது.

உலகக் கால்நடைத் தோல் மருத்துவச் சங்கத்தின் சார்பில் 2017-ல் வெளியான வழிகாட்டி, படர்தாமரைக்கு இட்ராகோனசோலையும் டெர்பினாஃபினையும் முன்வைக்கிறது. மலசீசியாவுக்கான 2020 வழிகாட்டி, மைக்கோனசோலும் குளோர்ஹெக்சிடினும் கலந்த ஷாம்பு குளியலை வாரம் இருமுறை தருவதற்கே வலுவான ஆதாரம் இருப்பதாகச் சொல்கிறது. மாத்திரைக்கு உள்ள ஆதாரம் அதற்கு அடுத்த நிலையில். அதாவது, மலசீசியா உள்ள எல்லா நாய்க்கும் மாத்திரை தேவைப்படாது. குளிப்பாட்ட முடியாத நாய், நோய் உடல் முழுக்கப் பரவிய நாய், குளியலால் மட்டும் குணமாகாத நாய் ஆகியவற்றுக்கே மாத்திரையின் உதவி வேண்டும்.

ஒரு மாத்திரை பெயர் பெற்றுவிட்டால் மட்டும் அது மருந்தாகிவிடாது என்பதற்கும் இந்தத் துறையிலேயே சான்று உண்டு. லுஃபெனுரான் என்ற தெள்ளுப்பூச்சி மாத்திரை படர்தாமரையைக் குணப்படுத்துவதாக 2000-ல் ஓர் ஆய்வு சொன்னது. பலர் நம்பிக் கொடுத்தார்கள். பின்னர் கட்டுப்பாட்டுக் குழுவுடன் நடந்த ஆய்வுகளில் அதற்குப் பயன் தெரியவில்லை. முதல் ஆய்வில், தானாகவே குணமாகும் நோயின் இயல்பு மருந்தின் கணக்கில் சேர்ந்திருக்கலாம்.

கல்லீரல், சாப்பாடு, மற்ற மருந்துகள்

கல்லீரல் பற்றிய பயம் ஆதாரமற்றது அல்ல. ‘அசோல்’ என்று முடியும் மருந்துகள் பூஞ்சையில் தடுக்கும் நொதி, P450 என்ற பெரிய நொதிக் குடும்பத்தைச் சேர்ந்தது. நாயின் கல்லீரல் மருந்துகளைச் சிதைக்கப் பயன்படுத்தும் நொதிகளும் அதே குடும்பம்தான். எனவே இந்த மருந்துகள் கல்லீரலுக்குச் சுமை தரலாம். நாய் வேறு மருந்து சாப்பிட்டால் அதன் அளவை இரத்தத்தில் ஏற்றியும் விடலாம். ஒவ்வாமைக்குத் தரும் சைக்ளோஸ்போரினுடன் கீட்டோகோனசோலைச் சேர்த்தால், முந்தையதன் அளவு கூடும். இதைத் தெரிந்தே பயன்படுத்தி, சைக்ளோஸ்போரினைக் குறைத்துக் கொடுக்கும் மருத்துவர்களும் உண்டு. தெரியாமல் சேர்த்தால் ஆபத்து. தோல் நுண்பூச்சிக்கு அதிக அளவில் தரப்படும் ஐவர்மெக்டினும் கீட்டோகோனசோலும் சேர்ந்தால், ஐவர்மெக்டின் மூளைக்குள் புகுந்து நரம்புப் பாதிப்பு வரலாம்.

இதற்குத் தீர்வு மருந்தைத் தவிர்ப்பதல்ல, கண்காணிப்பது. நீண்ட சிகிச்சைக்கு முன்னும் இடையிலும் இரத்தச் சோதனை செய்து கல்லீரல் நொதிகளைப் பார்ப்பார்கள். வீட்டில் நீங்கள் கவனிக்க வேண்டியவை: சாப்பாட்டை ஒதுக்குவது, தொடர் வாந்தி, சோர்வு, ஈறும் கண்வெள்ளையும் மஞ்சளாவது, சிறுநீர் அடர்நிறமாவது. இவற்றில் எது தெரிந்தாலும் அடுத்த வேளை மாத்திரையைக் கொடுக்காமல் உடனே மருத்துவரைத் தொடர்புகொள்ளுங்கள்.

சாப்பாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. கீட்டோகோனசோலும் இட்ராகோனசோல் கேப்ஸ்யூலும் உணவோடு கொடுத்தால் நன்கு உடலில் சேரும். வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மருந்து சேர்ந்தால் உறிஞ்சப்படுவது குறையும். கிரிசியோஃபுல்வினுக்குக் கொழுப்புள்ள உணவு தேவை. இட்ராகோனசோல் திரவ வடிவம் மட்டும் வெறும் வயிற்றில் நன்றாகச் சேரும். மூலப்பொருள் தூளை வைத்துக் கலந்து தயாரித்த இட்ராகோனசோல், நாயின் இரத்தத்தில் மிகக் குறைவாகவே சேர்ந்ததாக 2014-ல் வெளியான ஓர் ஒப்பீட்டு ஆய்வு காட்டியது. பெயர் ஒன்றாக இருந்தும் பயன் ஒன்றாக இல்லை.

வீட்டு மருந்துப் பெட்டியைத் திறப்பதற்கு முன்

“எனக்குக் கொடுத்த அதே மருந்துதானே, பாதி மாத்திரை கொடுத்தால் என்ன?” இது பல வீடுகளில் கேட்கும் கேள்வி. மருந்தின் பெயர் ஒன்றாக இருக்கலாம், கணக்கு ஒன்றல்ல. டெர்பினாஃபினை எடுத்துக்கொள்ளுங்கள். பெரியவர்களுக்குப் பொதுவாக நாளுக்கு 250 மில்லிகிராம். 60 கிலோ எடையுள்ளவருக்கு அது கிலோவுக்குச் சுமார் 4 மில்லிகிராம். நாய்க்கு மருத்துவ வழிகாட்டிகள் சொல்லும் அளவு கிலோவுக்கு 30 மில்லிகிராமோ அதற்கு மேலோ. ஏழு மடங்குக்கும் அதிகம்! உங்கள் அளவைக் கொண்டு கணக்கிட்டுக் கொடுத்தால், பூஞ்சையைக் கொல்லப் போதாத மருந்துதான் உள்ளே போகும். கீட்டோகோனசோலில் அதே துணிச்சலைக் காட்டினால் அளவு மீறிப் போகலாம். நாயின் எடை, இனம், கல்லீரலின் நிலை, சாப்பிடும் மற்ற மருந்துகள் ஆகியவற்றைப் பார்த்துத்தான் மருத்துவர் அளவைத் தீர்மானிக்கிறார்.

களிம்பு விஷயம் இன்னும் சிக்கலானது. ஊருக்குப் போய்த் திரும்பும்போது பெட்டியில் தைலத்தோடும் மாத்திரையோடும் ஒரு தோல் களிம்பும் வருவது நம் வீடுகளில் வழக்கம். இந்தியாவில் புழங்கும் அத்தகைய களிம்புகள் பலவற்றில் பூஞ்சை மருந்துடன் வீரியமான ஸ்டீராய்டும் கலந்திருக்கும். ஸ்டீராய்டு சிவப்பையும் அரிப்பையும் ஓரிரு நாளில் அடக்கும். கூடவே தோலின் எதிர்ப்பையும் அடக்கும். பூஞ்சை அமைதியாகப் பரவும். படர்தாமரையின் வழக்கமான வட்டம் மறைந்து, மருத்துவரே அடையாளம் காண முடியாத தோற்றம் வந்துவிடும். போதாக்குறைக்கு, நாய் பூசியதை நக்கிவிடும். அந்த ஸ்டீராய்டு அதன் வயிற்றுக்குள் போகும்.

இந்தப் பழக்கத்தின் விளைவு நாயோடு நிற்பதில்லை. டெர்பினாஃபினுக்கு அடங்காத ஒரு படர்தாமரைப் பூஞ்சை இந்தியாவில் மனிதர்களிடையே பெருகி, பல நாடுகளுக்குப் பரவியிருக்கிறது. இந்திய, நேப்பாள நோயாளிகளிடமிருந்து கிடைத்த பூஞ்சையை ஆராய்ந்த ஜப்பானிய ஆய்வாளர்கள் 2020-ல் அதற்கு டிரைக்கோஃபைட்டான் இண்டோட்டினியே என்று பெயரிட்டார்கள். நியூயார்க்கில் அது கண்டறியப்பட்ட செய்தியை அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் 2023-ல் வெளியிட்டது. ஸ்டீராய்டு கலந்த களிம்புகளைத் தாங்களாகவே வாங்கிப் பூசுவதும், சிகிச்சையைப் பாதியில் விடுவதும் இந்தப் பெருக்கத்துக்குத் துணை போனதாகத் தோல் மருத்துவர்கள் கருதுகிறார்கள். நாய்த்தோலில் வாழும் மலசீசியாவிலும் அசோல் மருந்துகளுக்கு அடங்காத வகைகள் சில நாடுகளில் கண்டறியப்பட்டுள்ளன.

நாய்க்கும் நமக்கும் பூஞ்சை மாத்திரைகள் தனித்தனியாக இல்லை. இருப்பவை ஒரே சில மருந்துகள். அவற்றில் ஒன்று பயனற்றுப் போனால், இழப்பு இரு தரப்புக்கும்தான்.

மாத்திரை செய்யாத வேலை

மாத்திரை உள்ளிருந்து புதிய முடியைக் காக்கிறது. முடியின் மேல் ஏற்கெனவே ஒட்டியிருக்கும் விதைத்தூள்களை அது தொடுவதில்லை. அதனால் படர்தாமரைக்கு மாத்திரையோடு மருந்துக் குளியலும் கட்டாயம். சுண்ணாம்பு கந்தகக் கரைசலோ மைக்கோனசோல், குளோர்ஹெக்சிடின் கலவையோ வாரம் இருமுறை என்பது வழக்கம். ஷாம்புவைத் தேய்த்தவுடன் அலசிவிடாமல் பத்து நிமிடம் ஊறவிட வேண்டும்.

அடுத்தது வீடு. மைக்ரோஸ்போரம் விதைத்தூள் உலர்ந்த இடத்தில் ஓராண்டுக்கு மேலும் உயிரோடு கிடக்கும். ஆனாலும் பயந்து வீட்டை எரிவாயு அடிக்கத் தேவையில்லை. முடியையும் தூசியையும் அகற்றுவதுதான் பெரிய வேலை. தினமும் கூட்டி அல்லது வெற்றிடத் துப்புரவுக் கருவியால் முடியை எடுங்கள். தரையைச் சோப்பு நீரால் துடைத்த பிறகு கிருமிநாசினி போடுங்கள். நாயின் விரிப்புகளைச் சலவைத்தூள் போட்டு இருமுறை துவையுங்கள். குணமாகும்வரை நாயைப் படுக்கையில் ஏற்ற வேண்டாம். நாயைத் தொட்ட பிறகு பிள்ளைகள் கை கழுவட்டும். வீட்டில் யாருக்காவது தோலில் வட்டத் தடிப்பு வந்தால் நீங்களும் உங்கள் மருத்துவரைப் பாருங்கள்; வீட்டில் நாய்க்குப் படர்தாமரை இருப்பதையும் சொல்லுங்கள்.

மலசீசியா உள்ள நாய்க்கு வேறு ஒரு வேலை மிச்சம். ஒவ்வாமையோ தைராய்டு குறைவோ இருந்தால், அதைக் கண்டுபிடித்துக் கட்டுப்படுத்தாமல் மாத்திரையை மட்டும் கொடுத்தால், நிறுத்திய சில வாரங்களில் அதே வாடை திரும்பும். மழைநடைக்குப் பின் பாதத்தையும் வயிற்றுப் பக்கத்தையும் துண்டால் துடைத்து உலர்த்துவது, குளித்த பின் காதின் வெளிமடலையும் தோல் மடிப்புகளையும் ஈரம் போகத் துடைப்பது போன்ற சின்ன வேலைகள் இங்கே உண்மையில் பயன் தரும்.

எப்போது நிறுத்தலாம்?

மலசீசியாவுக்குப் பொதுவாக மூன்று, நான்கு வாரச் சிகிச்சை. மீண்டும் டேப் சோதனை செய்து எண்ணிக்கை இறங்கியதைப் பார்த்த பிறகு நிறுத்துவார்கள். படர்தாமரைக்கு முடி மறுபடி முளைத்திருப்பது நல்ல அறிகுறி. ஆனால் அது மட்டும் போதாது. வளர்ப்புச் சோதனையிலோ மரபணுச் சோதனையிலோ பூஞ்சை இல்லை என்று தெரியவேண்டும். இதற்கு ஒன்றரை மாதமோ மூன்று மாதமோகூட ஆகலாம். நகத்தில் நோய் இருந்தால் இன்னும் நீளும். உள்ளுறுப்புகளைத் தாக்கும் பூஞ்சை நோய்களுக்கு, வட அமெரிக்க நாய்களிடம் காணப்படும் பிளாஸ்டோமைக்கோசிஸ் போன்றவற்றுக்கு, அரையாண்டும் அதற்கு மேலும் மாத்திரை கொடுக்கிறார்கள்.

அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது இந்தக் கேள்விகளைக் கையோடு கொண்டுபோங்கள்:

• எந்தப் பூஞ்சை? எந்தச் சோதனையில் தெரிந்தது?
• என் நாய்க்குக் குளியல் மருந்து மட்டும் போதுமா, மாத்திரையும் வேண்டுமா?
• மாத்திரையை உணவோடு கொடுப்பதா, வெறும் வயிற்றிலா?
• இப்போது சாப்பிடும் மற்ற மருந்துகளுடன் இது மோதுமா?
• கல்லீரல் சோதனை எப்போது?
• எந்தச் சோதனை முடிவைப் பார்த்து நிறுத்துவோம்? அடிப்படைக் காரணம் ஏதாவது இருக்கிறதா?

ஒரு வேளை மாத்திரையைக் கொடுக்க மறந்துவிட்டால், அடுத்த வேளைக்கு இரண்டாகக் கொடுத்துச் சரிக்கட்ட வேண்டாம். மருத்துவரிடம் கேட்டு வழக்கமான வேளையில் தொடருங்கள். மாத்திரை அட்டையின் மேல் தொடங்கிய தேதியையும் மறுசோதனைத் தேதியையும் எழுதிக் குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒட்டிவைத்தால், வீட்டில் யார் மருந்து கொடுத்தாலும் குழப்பம் வராது. நாயின் அரிப்பு முதல் தேதியிலிருந்து சில நாட்களில் நிற்கலாம். மாத்திரையை நிறுத்துவதற்கு இரண்டாவது தேதிவரை காத்திருங்கள்.